கிறிஸ்மஸ் மேசையில் ஒரு நூல் நட்சத்திரம்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் மேசை துடைக்கப்படுகிறது. பெட்டியின் அடியில் ஓராண்டாக உறங்கிய வெள்ளை விரிப்பு வெளியே வருகிறது. அதன்மேல் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய நூல் நட்சத்திரம் ஒன்று. நடுவே ஒரு மெழுகுவர்த்தி. பாட்டி பின்னியது, அம்மா பாதுகாத்தது, இன்று பேத்தி எடுத்து வைக்கிறாள். விருந்தினர் அதைக் கண்டு "அழகு!" என்று சொல்லிவிட்டு அப்பத்தின் பக்கம் திரும்பிவிடுகின்றனர். அந்த நூலுக்குள் ஒரு நீண்ட வரலாறு இருப்பதை யார் நினைக்கிறார்கள்?

'மேசை' என்னும் சொல்லே போர்த்துக்கீசியர் நமக்குத் தந்தது. நூல் பின்னலைக் குறிக்கும் 'ரேந்தை'யும் அவர்கள் மொழியினின்று வந்ததே. ஆயினும் இவ்வேலை நம் பெண்களின் கைத்தொழிலாக வேரூன்றியது பிற்காலத்தில்தான்.

1819-ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவில் வந்து சேர்ந்த சீர்திருத்தச் சபை மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார், அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஏழைப் பெண்களுக்கு ரேந்தை வேலை கற்பிக்கத் தொடங்கினார். தலையணைமேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளை மாற்றி மாற்றி முறுக்கிச் செய்யும் வேலை அது. அந்நாளில் திருவிதாங்கூரில் மனிதரை விற்றார்கள், வாங்கினார்கள். அம்மையாரிடம் பயின்றவர்களில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தனர். பின்னிச் சேர்த்த காசைக் கொண்டு தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கியவர்கள் உண்டென மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. அரசு அடிமை முறையை ஒழித்தது 1855-இல்தான். சட்டம் வருமுன்னரே சிலருக்கு நூல் வழி காட்டியது!

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இப்பணி தழைத்தது. 1897 நவம்பரில் பெல்ஜியம் நாட்டிலிருந்து அன்னை மேரி லூயிஸ் தெ மேஸ்டர் முளகுமூடு வந்து, அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தைப் பொறுப்பேற்றார். அவர் நிறுவிய சபை இன்று மரியாவின் மாசற்ற இருதய மறைபரப்புச் சகோதரிகள் சபை என விளங்குகிறது. எழுத்தோடும் செபத்தோடும் தையலும் ரேந்தையும் அங்கே கற்பிக்கப்பட்டன. பீடத் துகிலின் ஓரத்திலும், குருவானவரின் வெள்ளை அங்கியிலும் நாம் காணும் பூவேலை இத்தகைய இல்லங்களில் பயின்ற விரல்கள் வளர்த்த கலையே.

நம் மேசை நட்சத்திரமோ பெரும்பாலும் குரோஷே என்னும் வகையைச் சார்ந்தது. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குச் சிறு கொக்கி என்பதே பொருள். ஒரு கொக்கி ஊசி, ஓர் உருண்டை நூல். வேறு கருவி வேண்டியதில்லை. இந்த எளிமையே அதனைப் பஞ்ச காலத்தின் தோழனாக்கிற்று. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அப்போது கார்க் நகரருகே பிளாக்ராக்கில் உர்சுலா சபைக் கன்னியர் ஏழைப் பெண்களுக்குக் குரோஷே கற்றுக்கொடுத்தனர். மரக்குச்சி ரேந்தையைப் பழக நெடுங்காலம் வேண்டும்; பசித்திருப்பவர் காத்திருக்க முடியுமா? குரோஷே விரைவில் கைவந்தது. விளக்கொளியில் மகள் பின்னிய காலர், வீட்டுக்கு மாவாகத் திரும்பியது.

செய்முறையும் எளிதே. ஒரு வளையத்தில் தொடங்கி, ஆறு முனைகளாகக் கண்ணிகளை வளர்க்க வேண்டும். பின்னியதைக் கெட்டியான ஜவ்வரிசிக் கஞ்சியில் தோய்த்துப் பிழிந்து, பலகையில் இழுத்துக் குண்டூசி குத்தி உலர்த்தினால் நட்சத்திரம். கவிழ்த்த தம்ளர்மேல் போர்த்தி உலர்த்தினால் மணி. சிலர் சர்க்கரைப் பாகில் தோய்ப்பர். நம் ஊர் எறும்புகளை அறிந்தவர் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வர். பருத்தி நூலுக்கே இந்த விறைப்பு நிற்கும். உல்லன் நூல் துவண்டுவிடும்.

இனி நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. 1809-இலேயே ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் வலைத்துணி இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். பின்னர் ரேந்தையும் இயந்திரத்தில் வந்தது. கைவேலைக்காரரின் கூலி வீழ்ந்தது. ஆனால் குரோஷே கண்ணிகளை அப்படியே பின்னித் தள்ளும் ஆலை இயந்திரம் இன்றளவும் வரவில்லை. ஆகவே கடைத்தெருவில் உண்மையான குரோஷே விரிப்பைச் சொற்ப விலைக்குக் கண்டால், அதை எங்கோ ஒரு மனித விரல் பின்னியது என்பது உறுதி. விலை குறைந்தால், குறைந்தது யாருடைய கூலி? ஒரு நட்சத்திரம் பின்ன ஒரு மாலைப்பொழுது செல்லும் எனக் கையால் செய்து பார்த்தவருக்குத் தெரியும். அவர் பேரம் பேசத் தயங்குவார்.

யூபிலி ஆண்டில் அடிமைகள் விடுதலை பெற்று வீடு திரும்ப வேண்டுமென்பது லேவியர் நூலின் சட்டம். அச்சட்டத்தை எண்ணும் வேளையில், நூலால் விடுதலையை வாங்கிய அப்பெண்களை நினைப்பது பொருத்தமன்றோ? பாட்டிமார் பேத்திகளுக்கு — பேரன்களுக்கும்தான் — கொக்கி ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுக்கட்டும். பின்னி விற்கும் சகோதரிக்கு உரிய கூலியை மனமுவந்து கொடுப்போம். பெத்லகேமில் தம் மகனைத் துணியில் பொதிந்த அன்னையும் உழைக்கும் குடும்பத்தினரே. அத்துணியையும் ஏதோ ஒரு கை நெய்திருக்கும்.