கழுவிய தண்ணீர் போன வழி

டிஷ்வாஷர் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. சென்னையில் எனக்கு வரும் போன்களில் அதிகம் கேட்பது, "அடியில தண்ணி தேங்கி நிக்குது சார், போகவே மாட்டேங்குது" என்பதுதான். இந்த இயந்திரத்தின் வரலாறு என்றால் எல்லாரும் தண்ணீரைப் பீய்ச்சியடித்த கதையைச் சொல்வார்கள். அதை வெளியேற்றப் பட்ட பாடு பெரிய கதை.

1850-லேயே அமெரிக்காவில் ஜோயல் ஹௌட்டன் என்பவர் கையால் சுற்றும் மரப்பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அது பாத்திரத்தின் மேல் தண்ணீரைத் தெளித்ததோடு சரி. நிஜமாகவே கழுவிய இயந்திரத்தைத் தந்தவர் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் ஊரின் ஜோசஃபின் காக்ரன். 1883-ல் கணவர் கடனை விட்டுவிட்டு இறந்துபோக, ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டுக் கொட்டகையில் வேலையை முடித்தார். தட்டுக்கும் கோப்பைக்கும் தனித்தனி அளவில் கம்பிக் கூண்டு. கூண்டுகளைத் தாங்கிச் சுழலும் சக்கரம். எல்லாம் ஒரு செம்புக் கொப்பரைக்குள். அடியிலிருந்து சோப்பு வெந்நீர் பாய்ந்தது. 1886 டிசம்பர் 28-ல் காப்புரிமை கிடைத்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசும் வாங்கியது.

ஆனாலும் வாங்கியவை ஹோட்டல்கள்தான். இயந்திரம் கேட்ட அளவு வெந்நீரை வீட்டு பாய்லரால் கொடுக்க முடியவில்லை. ஹோட்டலில் பெரிய பாய்லரும் உண்டு, சாக்கடைக் குழாயும் உண்டு.

அதே சிகாகோவில் 1933-ல் இன்னொரு உலகக் கண்காட்சி. வந்தவர்கள் தங்கிய இரண்டு ஹோட்டல்களிலிருந்து அமீபா சீதபேதி பரவியது. 98 பேர் இறந்தார்கள். தோண்டித் துருவிப் பார்த்ததில், பழைய குழாய்களின் கோளாறால் கழிவுநீர் குடிநீரில் கலந்திருந்தது தெரிந்தது. டிஷ்வாஷருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கழிவுநீர் பின்வாங்கி நல்ல தண்ணீருக்குள் ஏறிவிடும் என்கிற பயம் குழாய் வேலைக்காரர்கள் மனதில் அதன்பின் ஆழமாகப் பதிந்தது. இன்றும் கலிஃபோர்னியாவில் டிஷ்வாஷர் மாட்டினால், கழிவுக்குழாய் நடுவே காற்று இடைவெளி விடும் சின்ன மூடி ஒன்று சிங்க் மேல் நிற்க வேண்டும். மற்ற பல இடங்களில் ஹோஸை மேடைக்கு அடியில் உயரத் தூக்கி வளைத்துக் கட்டினால் போதும். பார்த்தால் ஏதோ அழகுக்குக் கட்டியதுபோல இருக்கும். அந்த வளைவை அவிழ்த்துவிட்டால் சிங்க் தண்ணீர் இயந்திரத்துக்குள் வந்து நிற்கும்.

1950-களில் சக்கரம் வைத்த டிஷ்வாஷர்கள் அமெரிக்க வீடுகள் சிலவற்றில் இருந்தன. சிங்க் பக்கம் உருட்டி வந்து, குழாயில் மாட்டி, கழிவுநீரைச் சிங்க்கிலேயே விடுவார்கள். தண்ணீர் போகிறதா இல்லையா என்று கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு அது மிகவும் பிடித்த ஏற்பாடு. மேடைக்கு அடியில் நிரந்தரமாகப் பதித்த பிறகு வடிகால் மறைந்துபோனது. கதவைத் திறந்து குளத்தைப் பார்க்கும்போதுதான் அடைப்பே தெரிகிறது.

நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போயிருந்த அம்மா ஒருவர், டிஷ்வாஷரில் தண்ணீர் நிற்கிறது என்று அங்கிருந்தே எனக்கு போன் செய்தார்.

"சிங்க்குக்கு அடியில புதுசா ஏதாவது மாட்டினாங்களாம்மா?"

"ஆமா தம்பி, போன வாரம் அரைக்கிற மிஷினை மாத்தினாங்க."

விஷயம் புரிந்துவிட்டது. மிச்சம் மீதியை அரைத்துத் தள்ளும் அந்தக் கருவியை 1927-ல் விஸ்கான்சினின் ரேசின் ஊரில் ஜான் ஹேம்ஸ் உருவாக்கினார். டிஷ்வாஷர் ஹோஸ் அதன் பக்கவாட்டுக் குழாயில்தான் சேரும். டிஷ்வாஷர் இல்லாத வீட்டுக்கும் ஆகவேண்டுமே என்று அந்தத் துளையை அடைத்தே விற்கிறார்கள். மாட்டுகிறவர் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு தட்டுத் தட்டி அடைப்பை உடைக்க வேண்டும். மறந்தால், புது மிஷின் வந்த அன்றே வெள்ளம்.

பழைய அமெரிக்க டிஷ்வாஷர்களுக்குள்ளேயே சோற்றுப் பருக்கையை அரைக்கும் கத்தி இருந்தது. சத்தம் போடும். சத்தம் வேண்டாமென்று கத்தியை எடுத்துவிட்டு வடிகட்டியை வைத்தார்கள். அரைக்கிற வேலை போய், வடிகட்டியைக் கழுவுகிற வேலை வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. இதை யாரும் சரியாகச் சொல்லித்தராதது எனக்குப் பெரிய வருத்தம். 2020 ஊரடங்கில் வேலைக்கு வருகிறவர்கள் வராமல்போக, நம் ஊரிலும் நிறையப் பேர் டிஷ்வாஷர் வாங்கினார்கள். அவர்கள் வீட்டு வடிகட்டியைத் திருகி எடுத்தால் கறிவேப்பிலைக் காம்பு, கடுகு, எலுமிச்சை விதை, இவற்றை ஒட்டிப் பிடித்த மஞ்சள் நிற எண்ணெய்ப் பிசுக்கு.

தண்ணீர் நின்றால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீர்க் குழாயை மூடுங்கள். கப்பால் மொண்டு, மிச்சத்தைப் பழைய துண்டால் ஒற்றி எடுங்கள். வடிகட்டியை எடுத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்க்கலாம். குழிக்குள் கைவிடும் முன் கையுறை கட்டாயம். உடைந்த கண்ணாடித் துண்டு பம்ப் விசிறியில் சிக்கியிருக்கலாம். பிறகு ஹோஸ் பின்சுவரில் நசுங்கியிருக்கிறதா, வளைவு உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் பலர் ஹோஸைத் தரைச் சாக்கடையிலேயே போட்டுவிடுகிறார்கள்; அப்படிப் போட்டால் நிரம்ப நிரம்பத் தண்ணீர் தானே இழுத்துக்கொண்டு போய்விடும், பாத்திரம் கழுவாது. எல்லாம் சரியான பிறகும் வடிகட்டிக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். ரப்பர் சீல் காயாமல் இருக்க அது வேண்டும், துடைத்து எடுக்காதீர்கள்.