நம் கால்களை அளந்தவர் யார்?



குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் இலத்தூரிலும் வாசற்படிகள் காய்வதில்லை. அப்படியொரு மாலையில், மதரஸாவுக்கு ஓத வந்த சிறுவன் ஒருவன் உளூச் செய்யும் இடத்தில் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. சுண்டுவிரலின் ஓரத்தில் கொப்புளம். “பெருநாளைக்கு வாங்குன ஷூ, ஹஜ்ரத். நம்பர் சரியாத்தான் இருக்கு” என்றான்.

எண் சரியாக இருந்தும் கால் புண்படுமானால், அந்த எண் யாருடைய காலைக் கொண்டு வகுக்கப்பட்டது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், அது நம்மை நெடுந்தொலைவு அழைத்துச் சென்று, மீண்டும் தமிழகத்திலேயே கொண்டுவந்து நிறுத்துகிறது.

எண் இல்லாத ஆடை

நம் பக்கத்து ஊரான கடையநல்லூரில் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக நெசவை நம்பி வாழ்ந்தன. அவ்வூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூர் சென்று குடியேறியோர் பலர். கடையநல்லூரார் அங்கே 1941-இல் தமக்கெனச் சங்கம் அமைக்கும் அளவுக்குப் பெருகியிருந்தனர். அவர்கள் உடுத்த கைலியை எண்ணிப் பாருங்கள். அதற்கு அளவு எண் கிடையாது. ஏறத்தாழ 2 மீட்டர் துணியின் இரு முனைகளையும் இணைத்துத் தைத்தால் போதும். ஒல்லியானவரும் பருத்தவரும் தத்தம் இடுப்புக்கு ஏற்ப மடித்துக் கட்டிக்கொள்வர். புடவையும் வேட்டியும் அத்தகையனவே.

தைத்து அணியும் ஜுப்பாவுக்கும் சட்டைக்கும் தையற்காரர் நம் தோளையும் மார்பையும் கையையும் நாடாவால் அளந்தார். செருப்புத் தைப்பவர் காலைத் தாளின்மேல் வைக்கச் சொல்லி, சுற்றிலும் கோடு வரைந்தார். உடல் முதலில், பொருள் பின்னர். ஆயத்த ஆடையும் ஆயத்தக் காலணியும் வந்தபோது இந்த வரிசை தலைகீழாயிற்று. அளவுகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டன. நாம் அவற்றுள் ஒன்றில் நம்மைப் பொருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

எண்கள் வந்த வழி

ஐரோப்பாவிலேயே ஏறத்தாழ 1600 முதல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, இடக்கால் வலக்கால் வேறுபாடின்றி ஒரே அச்சில் காலணிகள் செய்யப்பட்டன என்றால் இன்று வியப்பாக இருக்கும். ஆங்கிலேயர் முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு அங்குல வேறுபாடு. இது ஒரு வாற்கோதுமை மணியின் நீளம், ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். பிரெஞ்சு முறையில் அந்த வேறுபாடு மூன்றில் இரு பங்கு சென்டிமீட்டர். அதாவது ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர். ஒரே காலுக்கு ஒரு பெட்டியில் 8 என்றும், மற்றொன்றில் 42 என்றும் அச்சிட்டிருப்பதன் காரணம் இதுவே.

ஆடை அளவுகளைப் பெருக்கியது போர். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெருந்தொகையான படைவீரர்களுக்குச் சீருடை தேவைப்பட்டது. ஒவ்வொருவரையும் அளந்து தைக்க நேரமில்லை. ஆகவே சில பொது அளவுகளில் தைத்துக் குவித்தனர். போருக்குப்பின் அவ்வழக்கம் கடைகளுக்கும் பரவியது.

ஆங்கிலேயர் ஆட்சியோடு அவர்களுடைய காலணி எண்களும் நம் நாட்டுக்கு வந்தன. 1947-இல் அவர்கள் சென்றனர், எண்கள் தங்கிவிட்டன.

உலகுக்குச் செய்தோம், நமக்கு அளக்கவில்லை

நம் சமுதாயம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் தோல் தொழிலை வளர்த்தவர்களில் முஸ்லிம் வணிகர்கள் முன்னணியில் நின்றனர். 1919-இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி போன்ற கல்விப் பணிகளுக்கும் அவ்வணிகர்கள் துணைநின்றனர். அப்பகுதியில் தைக்கப்பட்ட காலணிகள் ஐரோப்பியக் கடைகளை அடைந்தன. அவை ஐரோப்பியர் கால் அச்சில், ஐரோப்பிய அளவில் செய்யப்பட்டவை. உலகின் கால்களுக்குப் பொருந்தச் செய்தவர்களின் கால்களை அளந்து ஓர் அளவுமுறை வகுக்க நெடுங்காலம் எவரும் முன்வரவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க முற்பட்டது, 1948-இல் நிறுவப்பட்டுச் சென்னை அடையாற்றில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் கால்கள் முப்பரிமாணக் கருவிகளால் அளக்கப்பட்டன. பெண்களின் கால் வளர்ச்சி சராசரியாக 11 வயதிலும், ஆண்களின் கால் வளர்ச்சி 15 அல்லது 16 வயதிலும் உச்சத்தை எட்டுவது தெரியவந்தது. இந்தியர்களின் கால்கள் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் கால்களைவிட அகலமானவை என்பதும் உறுதியாயிற்று. பாரதம் என்னும் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு ‘பா’ என்ற புதிய அளவுமுறை பரிந்துரைக்கப்பட்டது. ஆடைக்கும் இவ்வாறே, 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை அளக்கும் திட்டத்தை நிஃப்ட் நிறுவனம் மேற்கொண்டது.

அந்தச் சிறுவனின் கொப்புளத்துக்கு விடை இதில் இருக்கிறது. அவனுடைய ஷூவின் நீளம் சரி; அகலம் போதவில்லை. அகலம் போதாதபோது கடைக்காரர் ஒரு எண் கூடுதலாக எடுத்துத் தருவார். அப்போது நீளம் மிகுந்து குதிகால் வழுக்கும், உராயும்.

இது சிறு துன்பம் அன்று

பிள்ளைக்குக் கொப்புளம் சில நாளில் ஆறிவிடும். நீரிழிவு உள்ள நம் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அப்படியன்று. உணர்வு குன்றிய காலில் செருப்பு கடிப்பதே தெரியாது. அந்தச் சிறு புண் ஆறாமல் விரலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லக்கூடும். காலை நாள்தோறும் பார்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். நமக்கோ அதற்கான நேரங்கள் உளூவிலேயே அமைந்திருக்கின்றன. குதிகால் நனையாமல் விடுவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள். காலணியை வலக்காலில் முதலில் அணியவும், ஒற்றைச் செருப்போடு நடவாதிருக்கவும் கற்பித்தார்கள். உடலுக்கு நம்மீது உரிமை உண்டு என்பதும் அவர்களின் போதனையே. கால் கழுவும்போது விரலிடுக்கையும் பாதத்தின் அடியையும் ஒரு கணம் பாருங்கள். பின்னர் ஈரம் போகத் துடையுங்கள்.

காலணி வாங்க மாலையில் செல்லுங்கள்; பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். இரு கால்களையும் நின்றபடி அளக்கச் சொல்லுங்கள். அவை சிறிது வேறுபடலாம். பெரிய காலுக்கே வாங்குங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பக்கவாட்டில் இறுக்கம் கூடாது. “போகப் போகத் தளரும்” என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். “வளர்கிற பிள்ளை” என்று இரண்டு எண் பெரிதாகவும் வாங்காதீர்கள். ஆடையிலும் தோளும் கையும் தடையின்றி அசைகின்றனவா, ருகூவிலும் ஸுஜூதிலும் இறுக்குகிறதா என்று பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

அந்தச் சிறுவனின் காலைத் தாளில் வரைந்து, அவனுடைய வாப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். தென்காசிக் கடைத்தெருவில் அத்தாளைக் காலணியின் அடியில் வைத்துப் பார்த்து வாங்கினார்களாம். இப்போது அவன் உளூச் செய்யும்போது இரு கால்களையும் ஊன்றி நிற்கிறான், அல்ஹம்துலில்லாஹ்.