கர்த்தாஸ் என்ற காகிதம்

சாகாமக் குளத்தடியில் வயல் செய்கிறவன் நான். வாழைச்சேனையில் இருந்து பலநாள் படகில் போகும் என் மச்சான், லைசென்ஸைப் பொலித்தீனில் சுற்றிச் சுக்கானுக்கு மேலே செருகி வைப்பார். அதைக் கண்டால் எனக்குப் போர்த்துக்கேயர் ஞாபகம்தான்.

16ஆம் நூற்றாண்டில் சோனகரின் கப்பல்களுக்கு அவர்கள் விற்ற அனுமதிச் சீட்டு கர்த்தாஸ். சொல்லே அறபிலிருந்து போனது: 'கிர்தாஸ்', காகிதம். சீட்டு இல்லையென்றால் சரக்கும் போகும், கப்பலும் போகும். எதிர்த்து நின்ற குஞ்ஞாலி மரைக்காரை 1600இல் கோவாவில் கொன்றார்கள். 1609இல் ஒல்லாந்தர் குரோஷியஸ், கடல் எல்லோருக்கும் பொது என்று நூல் போட்டார். நியாயவான் என்று நினைத்துவிடாதீர்கள். தன் நாட்டார் பிடித்த போர்த்துக்கேயக் கப்பலுக்கு அவர் பிடித்த வக்காலத்து அது.

இன்று 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்டம் இருக்கிறது. ஆழ்கடலில் அந்நியக் கப்பலில் ஏறப் போர்க்கப்பலுக்குக் காரணம் வேண்டும்: கடற்கொள்ளை, அடிமை வியாபாரம், கள்ள வானொலி, நாடில்லாத கப்பல் என்று ஒரு சிலதான். கொள்ளையரை மட்டும் எந்த நாடும் பிடிக்கலாம்.

2024 ஜனவரியில் நம்மவர் ஆறு பேரோடு 'லொரன்சோ புத்தா 4' படகைச் சோமாலியக் கொள்ளையர் பிடித்தார்கள். மீட்டது சீஷெல்ஸ் படை.