கறுப்புக் காகிதம்

மன்னார்குடியில் இருக்கும் என் சித்தப்பா, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடன் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் பினாங்கில் மகளோடு போய்த் தங்கிவிட்டார். அவருக்கு மாதம் இரண்டு கடிதம் எழுதாவிட்டால் சித்தப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் கண் அழுத்த நோய் வந்து, பார்வை ஓரங்களிலிருந்து மெள்ள மெள்ளக் கறுத்துக்கொண்டு வந்தது. போன வருஷத்திலிருந்து அவர் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதி வந்தாள்.

மருமகள் தங்கமான பெண். கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். கஷ்டம் அதில் இல்லை.

"அவளைப் பத்தி ஒரு வார்த்தை எழுதணும்னா, அவகிட்டேயே எப்படிடா சொல்லி எழுதச் சொல்றது?" என்று சித்தப்பா என் காதோடு காதாகக் கேட்டார்.

எனக்கு உடனே இத்தாலி தேசத்துச் சீமாட்டி ஒருத்தியின் ஞாபகம் வந்தது. வாசகர்கள் சிரிக்க வேண்டாம். சித்தப்பாவின் சங்கடம் அவளுக்கும் இருந்தது, இருநூறு வருஷங்களுக்கு முன்னால்.

அவள் பெயர் கரோலினா ஃபன்டோனி. பிரபு குலத்துப் பெண்; பார்வை இழந்தவள். பெல்லக்ரீனோ டுர்ரி என்பவர் அவளுடைய சிநேகிதர். சிநேகிதர் என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கதை எழுதுகிறவன் புத்தி எங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். கண் தெரியாதவள் கடிதம் எழுத வேண்டுமானால் இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். அப்படிச் சொல்லி எழுதுகிற கடிதத்தில் சௌக்கிய விசாரணைக்கு மேல் என்ன இருக்க முடியும்? டுர்ரி அவளுக்காக ஒரு யந்திரம் செய்து கொடுத்தார். விசையை விரலால் தடவி அழுத்தினால் எழுத்து காகிதத்தில் பதியும். 1808ஆம் ஆண்டு முதல் அவள் அதில் அடித்த கடிதங்கள் சில இன்றும் இத்தாலியில் ரெக்ஜியோ எமிலியா நகரத்து ஆவணக் களஞ்சியத்தில் இருக்கின்றன. யந்திரம்தான் இல்லை, எப்படியோ காணாமற் போய்விட்டது.

மை தொட்டு எழுத முடியாதவளுக்காக டுர்ரி மை தடவிய காகிதமும் தயாரித்துக் கொடுத்தார். நம் காரியாலயங்களில் வெகு காலம் விரலைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்த கார்பன் காகிதத்தின் மூதாதை அது. அதே காலத்தில், 1806இல், இங்கிலாந்தில் ரால்ஃப் வெட்ஜ்வுட் என்பவரும் அப்படி ஒரு காகிதத்துக்கு உரிமை வாங்கினார். அவர் மனத்தில் இருந்ததும் பார்வையற்றவர்கள் எழுதுவதற்கான சாதனம்தான். நகல் எடுக்கும் குமாஸ்தாக்கள் பிறகு வந்து சேர்ந்தவர்கள். கரோலினா ஒரு கடிதத்தில், கறுப்புக் காகிதம் தீர்ந்துபோகப் போகிறதே என்று தவிக்கிறாள். காகிதம் தீர்ந்தால் பேச்சு தீர்ந்தது.

கண் தெரிகிறவர்களுக்கு வசதியாக ஒன்றைச் செய்துவிட்டு, பிறகு கண் தெரியாதவர்களுக்கு இரக்கப்பட்டு ஓர் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள் என்றுதான் நானும் வெகுநாள் எண்ணியிருந்தேன். தட்டெழுத்து விஷயத்தில் கதை நேர்மாறாக இருக்கிறது. டென்மார்க்கில் செவிடர் பள்ளியை நடத்திய மாலிங் ஹான்ஸன் என்ற பாதிரியார் 1870இல் பந்து போன்ற ஓர் எழுத்து யந்திரத்துக்கு உரிமை பெற்றார். 1882இல் அதில் ஒன்றை வாங்கியவர் ஜெர்மன் தத்துவஞானி நீட்சே. அவருக்கும் கண்தான் காரணம். ரெமிங்டன் கம்பெனியின் யந்திரம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து அப்போது எட்டு வருஷந்தான் ஆகியிருந்தது.

இந்தக் கதையை எல்லாம் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. மகன் வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது தேதி. யந்திரம் வாங்கின நாளிலிருந்து அமெரிக்க வழக்கத்திலேயே இருந்திருக்கிறது. மாதம் முன்னால், நாள் பின்னால். கண் டாக்டரிடம் மறுபடி போக வேண்டிய நாளை மகன் 8/7 என்று அதில் குறித்து வைத்தான். ஜூலை எட்டு என்பது அவன் எண்ணம். கம்ப்யூட்டர் அதை ஆகஸ்டு ஏழு என்று எடுத்துக்கொண்டு, அந்த நாள் வந்ததும் மரியாதையாக நினைவூட்டியது. ஒரு மாதம் போய்விட்டது. அந்த வியாதியில் போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது மகன் தலை நிமிரவில்லையாம். சித்தப்பா இதைப் பற்றி இன்றுவரை அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நாட்டு வழக்கம் என்ற அந்தச் சின்னக் கட்டத்தை இனி நான் அலட்சியமாகப் பார்க்க மாட்டேன். ஜெர்மானியர் தசமப் புள்ளி வைக்கும் இடத்தில் காற்புள்ளி வைக்கிறார்கள். மரபணு ஆராய்ச்சிக்காரர்கள் 'மார்ச் 1', 'செப்ட் 1' என்று சில மரபணுக்களுக்குச் சுருக்கப் பெயர் வைத்திருந்தார்கள். எக்ஸெல் கணக்குத்தாள் அவற்றையெல்லாம் தேதி என்று எண்ணி மாற்றி மாற்றிப் போட்டது. கடைசியில் 2020இல், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு பெயர்களையே மாற்றிவிட்டது. யந்திரம் ஜெயித்தது, விஞ்ஞானிகள் விட்டுக்கொடுத்தார்கள்.

தமிழ் என்று தேடினால் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு தமிழ் இருக்கிறது. பாஷை ஒன்றுதான், வழக்கம் வேறு. நமக்கு லட்சம் என்றால் 1,00,000. மலேசியத் தமிழருக்கு 100,000. பினாங்குச் சிநேகிதர் தம் மகளுடைய வீட்டு விலையை எழுதியபோது சித்தப்பா ஏன் அத்தனை குழம்பினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தமிழ் இந்தப் பெட்டிக்குள் வந்து சேர்ந்ததும் லேசான காரியம் அல்ல. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப்போன ஆர். முத்தையா அதற்கு வழி கண்டவர். புள்ளியையும் கொக்கியையும் அடிக்கும்போது யந்திரத்தின் வண்டி நகராது. அடுத்த எழுத்து அதன் கீழே வந்து உட்காரும். நகரா விசை என்று பெயர். அவர் வகுத்த யந்திரம் ஜெர்மனியில் உருவாகி வந்தது. பிற்பாடு கம்ப்யூட்டர் காலத்தில், 1999இல் சென்னையில் நடந்த மகாநாட்டை ஒட்டித் தமிழ்99 என்ற விசை வரிசை வந்தது. ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும். இலக்கணம் தெரிந்த விசை!

இதற்கிடையில் ஆளுக்கு ஓர் எழுத்துரு செய்துகொண்டு, ஒருவன் அடித்ததை இன்னொருவன் படிக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. என் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதி அப்படிப்பட்ட ஓர் எழுத்துருவில் மாட்டிக்கொண்டு, இன்று திறந்தால் வெறும் கோழிக் கிறுக்கலாகத் தெரிகிறது. அதைப் படித்த விமரிசகர்கள் சிலர் அப்போதே அப்படித்தான் சொன்னார்கள் என்பது வேறு விஷயம். 1991இல் வந்த யூனிகோட் முறையிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. நாம் அதில் குடியேறத்தான் பல வருஷம் பிடித்தது.

சித்தப்பாவுக்குத் தமிழ்99 தெரியாது. ஆனால் வாலிபத்தில் தட்டெழுத்துப் பரீட்சை தேறினவர். பழைய தட்டெழுத்து வரிசையைத் தரும் இலவச நிரல் ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டேன். அவர் விரல்களை விசைகளின் மேல் வைத்துச் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு அவை தாமாகவே ஓடின. கண்ணுக்கு மறந்து போகும் காலத்திலும் விரலுக்கு நினைவிருக்கிறது. நடுவில் ஷிப்ட் விசையை ஐந்து தரம் தட்டிவிட்டார். ஏதோ அறிவிப்பு எழும்பியது. ஒரு கையால், ஒரு விரலால் அடிக்கிறவர்களுக்காக ஏற்பட்ட சௌகரியம் அது. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் உழைத்தவர்கள் உருவாக்கி, 1995இல் விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. சித்தப்பாவுக்கு வேண்டாம் என்று அணைத்தேன்.

வேண்டியது குரல். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற மைக்கேல் கரன், தம்மைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே ஆகிய இருவரும், திரையைப் படித்துச் சொல்லும் நிரல்களின் விலையைக் கண்டு மலைத்து, 2006இல் தொடங்கி என்.வி.டி.ஏ. என்ற நிரலைச் செய்தார்கள். காசு கேட்காமல் உலகத்துக்குக் கொடுத்தார்கள். அது தமிழும் பேசும். வெண்கலப் பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தாலும் பேசும்.

"இந்தக் குரலுக்கு 'ழ' வரலையேடா" என்றார் சித்தப்பா. நாற்பது வருஷ வாத்தியார் அல்லவா? ஆனால் முகம் மலர்ந்திருந்தது. "நீ கொஞ்சம் வெளியிலே இரு. கதவைச் சாத்திக்கோ" என்றார்.

திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். உள்ளே விசைகள் படபடவென்று தட்டும் ஓசை. ஐந்து நிமிஷம் இருக்கும். திடீரென்று வெண்கலப் பானை உரத்த குரலில் வீடு முழுதும் கேட்கும்படி ஆரம்பித்தது: "அன்புள்ள நண்பருக்கு, என் மருமகளைப் பற்றி ஒரு விஷயம்..."

மருமகள் காப்பித் தம்ளருடன் கூடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே சித்தப்பா எந்த விசையை அமுக்கினால் அது வாயை மூடும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அமுக்கினார்.

"கேட்டா என்ன மாமா, நல்லதாத்தானே எழுதியிருப்பீங்க?" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு, காதில் வைத்துக் கேட்கும் ஹெட்போன் ஒன்று வாங்கிவரக் கடைத்தெருவுக்குக் கிளம்பினேன்.