உதவி என்னும் கடிவாளம்

அரபு நாடுகளில் மேற்குலகம் நடத்தும் தலையீட்டை வந்தாறுமூலையில் இருந்து பார்ப்பவர்க்கு அது தூரத்துக் கதையாகவே தோன்றும். ஆயினும் அதே கடிவாளம் இலங்கையையும் ஒருமுறை இழுத்தது.

எகிப்தின் அஸ்வான் உயர் அணைக்குத் தருவதாகக் கூறிய நிதியை 1956 யூலை 19இல் அமெரிக்கா மீளப்பெற்றது. சோவியத் முகாமிடம் நாசர் ஆயுதம் வாங்கியதும், மக்கள் சீனத்தை அங்கீகரித்ததும் அதற்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரத்தில் நாசர் சுயெஸ் கால்வாய்க் கம்பனியைத் தேசியமயமாக்கினார். ஒக்டோபர் இறுதியில் இஸ்ரேலும், தொடர்ந்து பிரித்தானியாவும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின.

இலங்கையில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசு 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. மறுவருடம் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதியைக் கையேற்றது. நட்டஈடு இழுபறியானது. 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஹிக்கன்லூப்பர் திருத்தச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்ட முதல் நாடு இலங்கையே. 1965இல் டட்லி சேனாநாயக்காவின் புதிய அரசு நட்டஈட்டுக்கு உடன்பட்ட பின்னரே உதவி திரும்பியது.

நட்டஈடு கேட்பது நியாயமே. ஆனால் எண்ணெய்க் கம்பனிகளின் கணக்குத் தீரும்வரை, அக்கணக்கோடு தொடர்பற்ற மக்களுக்கான உதவி பிணையாக வைக்கப்பட்டது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் எமது கரைக்கும் வெளிநாட்டு உதவி வந்தது. அதை மறுக்கும் நிலையில் நாம் இருக்கவில்லை. எனினும் எவ்வுதவியாயினும் அதன் நிபந்தனைகளை முன்கூட்டியே பகிரங்கப்படுத்துமாறு கேட்பது எமது உரிமை.