பச்சைக் காப்சூலுக்கு முன்னே

தாத்தா முதுமலையின் தெப்பக்காட்டு யானை முகாமில் யானைப்பாகன். மாயாற்றில் யானையைப் படுக்கவைத்து, காவடி என்று அழைக்கப்படும் உதவிப் பாகனும் அவரும் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். கரையேறியதும் அதன் நெற்றியில் விளக்கெண்ணெய் தடவுவார். கையில் மிச்சமிருப்பதைத் தன் வெடித்த குதிகாலில் தேய்த்துக்கொள்வார். யானைக்கும் ஆளுக்கும் அன்று தோல் மருந்து அதுதான்.

இன்று பலர் தோலில் பூசும் சத்தின் கதை தொடங்கியது வேறிடத்தில். 1922இல் கலிபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸும் கேத்தரின் பிஷப்பும் எலிகளிடம் ஒன்றைக் கண்டார்கள்: உணவில் ஏதோ ஒரு சத்து இல்லாவிட்டால் கரு நிலைப்பதில்லை. அதுவே வைட்டமின் ஈ. 1936இல் எவன்ஸின் குழு கோதுமை முளை எண்ணெயிலிருந்து அதைப் பிரித்தெடுத்தது. 1938இல் பால் காரர் ஆய்வகத்தில் உருவாக்கினார். பிள்ளைப்பேற்றுக்கான சத்தாக அறிமுகமானது முகச்சுருக்கத்துக்கு வந்தது பிற்பாடுதான். வெயில் பட்டுத் தோலின் கொழுப்பு சிதைவதை அது தடுக்கும் என்பதே காரணம்.

மசினகுடியில் என் மருந்துக்கடைக்கு வரும் பெண்கள் எவியான் என்ற வைட்டமின் ஈ காப்சூலைக் கேட்கிறார்கள். பச்சைக் காப்சூலை ஊசியால் குத்தி, பிசுபிசுப்பான எண்ணெயை ராத்திரி முகத்தில் பூசுவார்கள். எனக்குக் கவலையாக இருக்கும். அது விழுங்கச் செய்த மாத்திரை. 1999இல் மயாமியில் அறுவைத் தழும்புகளில் வைட்டமின் ஈ பூசிப் பார்த்தபோது மூன்றில் ஒருவருக்குத் தோல் அழற்சி வந்தது; தழும்பின் தோற்றமும் பெரும்பாலானோருக்கு மேம்படவில்லை. வைட்டமின் சியோடு சேர்த்துச் செய்த க்ரீம் வெயிலுக்கு எதிராகக் கூடுதலாக உதவும். அதையும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி, அரிப்பு வருகிறதா என்று இரண்டு நாள் பாருங்கள் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன்.