செயற்கைக் கடல் உப்பு: பவளத் தொட்டி நீரின் வரலாறு

செயற்கைக் கடல் உப்பு என்பது கடல்நீரில் உள்ள முதன்மை உப்புகளை உரிய விகிதத்தில் சேர்த்துத் தயாரிக்கப்படும் உலர்கலவை. இதை நன்னீரில் கரைத்தால் கடல்நீருக்கு நிகரான நீர் கிடைக்கும். கடலிலிருந்து தொலைவில் உள்ள மீன் காட்சியகங்களும் வீட்டுப் பவளத் தொட்டிகளும் இக்கலவையை நம்பியே இயங்குகின்றன. இதன் வரலாறு 1850களின் லண்டனில் தொடங்குகிறது.

பின்னணி

1846இல் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்கி கடற்கரையிலிருந்து கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். புதிய கடல்நீர் நினைத்தபோது கிடைக்காததால், இருந்த நீரையே திறந்த சன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி ஊற்றிக் காற்றேற்றினார்கள். அந்த வேலை வீட்டுப் பணிப்பெண்ணுடையது. பின்னர் அவர் கடற்பாசிகளையும் சேர்த்து வளர்த்தார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் உலகின் முதல் பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. கடல் உயிர்களை வளர்க்கும் ஆர்வம் நகரங்களில் பரவியது. ஆனால் கடல்நீரைப் பீப்பாய்களில் ஏற்றிக் கொண்டுவருவது செலவு மிகுந்த வேலையாக இருந்தது.

கோஸின் கலவை

இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி கோஸ் (1810–1888) இதற்குத் தீர்வு தேடினார். ஆங்கிலக் கால்வாயின் நீரை ஷ்வைட்சர் என்ற வேதியியலாளர் பகுத்து வெளியிட்டிருந்த அளவுகளை அடிப்படையாகக் கொண்டு, 1854இல் அவர் ஒரு கலவையை உருவாக்கினார். ஒரு காலனுக்குச் சற்றுக் குறைவான நீரில் சாதாரண உப்பு மூன்றரை அவுன்ஸ், எப்சம் உப்பு கால் அவுன்ஸ், மக்னீசியம் குளோரைடு 200 கிரெய்ன், பொட்டாசியம் குளோரைடு 40 கிரெய்ன் என்பது அதன் அளவு. இன்றைய கணக்கில் இவை முறையே சுமார் 99, 7, 13, 2.6 கிராம். நீரை வடிகட்டித் தொட்டியில் ஊற்றியபின் முதலில் கடற்பாசிகளை வளரவிட்டு, அதன் பிறகே விலங்குகளை விட்டார். அவை பிழைத்தன.

இப்பட்டியலில் சுண்ணாம்புச் சத்து இல்லை. தொட்டியின் அடியில் கிடக்கும் சிப்பி, பவளத் துண்டுகளிலிருந்தே அது போதிய அளவு கிடைத்துவிடும் என்று கோஸ் கருதினார். கடல்நீரின் காரத்தன்மையில் சிப்பி எளிதில் கரைவதில்லை என்பதால் இந்த எதிர்பார்ப்பு பொருந்தாது. மீனும் கடற்சாமந்தியும் அந்த நீரில் வாழ முடிந்தாலும், கால்சியத்தை நீரிலிருந்து எடுத்தே எலும்புக்கூட்டைக் கட்டும் கற்பவளத்துக்கு அது நெடுநாள் போதாது.

மாறாத விகிதம்

ஒரு கடலின் நீரைப் பகுத்து எழுதிய கலவை மற்றக் கடல்களின் உயிர்களுக்கும் பொருந்துமா என்ற கேள்வி இருந்தது. வெவ்வேறு கடல்களின் நீரில் உப்பின் மொத்த அளவு மாறினாலும், உப்புகளுக்கிடையேயான விகிதம் ஏறத்தாழ ஒன்றே என்று அலெக்சாண்டர் மார்செட் 1819இல் கூறியிருந்தார். சேலஞ்சர் கப்பல் (1872–1876) உலகம் சுற்றிச் சேகரித்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்து 1884இல் வெளியிட்ட முடிவுகள் இதை உறுதிசெய்தன. கரைந்துள்ள உப்பின் எடையில் குளோரைடு சுமார் 55 விழுக்காடு, சோடியம் 30.6, சல்ஃபேட் 7.7, மக்னீசியம் 3.7, கால்சியம் 1.2, பொட்டாசியம் 1.1 விழுக்காடு. எனவே சரியான ஒரே கலவை எந்தக் கடலின் உயிருக்கும் உதவும்.

உப்பளத்து உப்பை நீரில் கரைத்தால் கடல்நீர் கிடைக்காததற்குக் காரணமும் இந்த விகிதம்தான். நீர் ஆவியாகும்போது முதலில் சுண்ணாம்பும், அடுத்து ஜிப்சமும், பிறகு சோடியம் குளோரைடும் படிகின்றன. மக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றன. சமையல் உப்பில் இருப்பது கடலின் ஒரு பகுதி மட்டுமே.

ரயிலில் சென்ற கடல்

இவ்வளவு தெரிந்த பிறகும் பெரிய காட்சியகங்கள் செயற்கை நீரை உடனே நம்பவில்லை. 1930இல் சிகாகோவின் ஷெட் மீன் காட்சியகத்துக்காக ஃப்ளோரிடாவின் கீ வெஸ்டிலிருந்து சுமார் 10 லட்சம் காலன் கடல்நீர் ரயில் தொட்டி வண்டிகளில் கொண்டுவரப்பட்டது. 20 வண்டிகள் எட்டு முறை சென்று திரும்பின.

1940இல் ஜான் லைமனும் ரிச்சர்ட் ஃப்ளெமிங்கும் வெளியிட்ட செயற்கைக் கடல்நீர்ச் சூத்திரம் ஆய்வுக்கூடங்களில் பரவலாகப் பயன்பட்டது. 1964இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மீன் காட்சியகத்தைச் சேர்ந்த செகெடியும் கெல்லியும் புதிய சூத்திரம் ஒன்றை வெளியிட்டனர். அதே காலகட்டத்தில் வில்லியம் கெல்லி தொடங்கிய நிறுவனத்தின் ‘இன்ஸ்டன்ட் ஓஷன்’ கலவை விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியின் ‘ட்ராபிக் மரீன்’ போன்றவையும் சந்தையில் இடம்பிடித்தன. கடற்கரையைப் பார்த்திராதவரும் வீட்டில் கடல் மீன் வளர்க்கலாம் என்ற நிலை உருவானது.

பவளத் தொட்டியின் தேவைகள்

ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961இல் உயிர்ப்பாறைகளையும் காற்றுக்குமிழிகளையும் கொண்டு பவளம் வளர்க்கும் தன் முறையை எழுதினார். அவருக்கு இயற்கைக் கடல்நீர் அருகிலேயே கிடைத்தது. பின்னர் ஜெர்மனியில் பீட்டர் வில்கென்ஸ், டீட்ரிச் ஸ்டூபர் முதலியோர் உயிர்ப்பாறை, புரத நுரைப்பிரிப்பான், தெளிந்த சுண்ணாம்பு நீர் ஆகியவற்றைக் கொண்டு செயற்கை நீரில் கற்பவளங்களை வளர்த்துக் காட்டினர். இது ‘பெர்லின் முறை’ எனப்பட்டது. கோஸ் சேர்க்காமல் விட்ட சுண்ணாம்பு இப்போது முதன்மையான கவலையாயிற்று.

1990களின் இறுதியில் மார்லின் அட்கின்சனும் கிரெய்க் பிங்மேனும் வணிக உப்புகளின் தனிமங்களைப் பகுத்தனர். முதன்மை அயனிகள் பெரும்பாலும் கடலை ஒத்திருந்தன. செம்பு போன்ற சுவடு உலோகங்கள் கடலைவிட மிகுதியாக இருந்ததாக அவர்கள் கூறினர். இந்த அளவுகள் உயிர்களைப் பாதிக்குமா, அளவிட்ட முறை சரியா என்பது குறித்து அடுத்த ஆண்டுகளில் கடும் விவாதம் நடந்தது. உற்பத்தியாளர்கள் பொட்டலத்துக்குப் பொட்டலம் பகுப்பாய்வு விவரம் தரும் வழக்கம் பின்னர் வளர்ந்தது.

உப்பைத் தேர்வு செய்தல்

இயற்கைக் கடல்நீரில் 35 உவர்ப்பில் லிட்டருக்குக் கால்சியம் சுமார் 420 மில்லிகிராம், மக்னீசியம் சுமார் 1300 மில்லிகிராம், காரத்தன்மை சுமார் 6.5 முதல் 7 டிகேஎச் (ஜெர்மானிய கார்பனேட் கடினத்தன்மை அலகு) இருக்கும். பொது உப்புகள் மீன்களுக்கும் மென்பவளங்களுக்கும் ஏற்றவை. ‘ரீஃப்’ உப்புகளில் கால்சியமும் காரத்தன்மையும் கூடுதலாக இருக்கும். விரைவாக வளரும் கற்பவளங்கள் நிறைந்த தொட்டிக்கு அவை உதவும். ஊட்டச்சத்து மிகக் குறைந்த தொட்டியில் காரத்தன்மையை உயர்த்தினால் பவள நுனிகள் வெளிறி மடிவதாக வளர்ப்போர் பலர் கூறுகின்றனர். ஆகவே விலை உயர்ந்த உப்பைவிட, தொட்டியில் ஏற்கெனவே நிலவும் அளவுகளுக்கு நெருக்கமான உப்பே நல்ல தேர்வு. அடிக்கடி உப்பை மாற்றுவது பவளத்துக்கு நல்லதல்ல.

கலக்கும் முறை

குழாய் நீரில் குளோரின், பாஸ்பேட், நைட்ரேட், சில வேளைகளில் செம்பு இருக்கக்கூடும். அதனால் ஆர்.ஓ. முறையில் வடித்து, அயனிகளும் நீக்கப்பட்ட நீரே பயன்படுத்தப்படுகிறது. 200 லிட்டர் தொட்டியில் பத்திலொரு பங்கு நீரை மாற்ற 20 லிட்டர் தேவை. அதற்குச் சுமார் 750 கிராம் உப்பு வேண்டும். மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், கிண்ணத்தால் அளப்பதைவிட எடைபோடுவது நம்பகமானது.

நீரை முதலில் நிரப்பி, பம்பு ஓடும்போது உப்பைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். உப்பின்மீது நீரை ஊற்றினால் அடர்ந்த கரைசல் உண்டாகிக் கால்சியம் கார்பனேட் வெண்படிவாக இறங்கிவிடும். அது மீண்டும் எளிதில் கரையாது. கால்சியமும் காரத்தன்மையும் ஒருசேரக் குறையும். அதிகச் சூடும் இதே விளைவைத் தரும்.

முழுதும் கரைந்து நீர் தெளிந்தபின், 35 உவர்ப்புள்ள அளவுத்திரவத்தால் சரிசெய்த ஒளிவிலகல் மானியில் உவர்ப்பு பார்க்கப்படுகிறது. 25 பாகை வெப்பத்தில் இது ஏறத்தாழ 1.026 ஒப்படர்த்திக்குச் சமம். 35இல் 420 மில்லிகிராம் கால்சியம் காட்டும் கலவை 33இல் 396 மட்டுமே காட்டும். எனவே உவர்ப்பைச் சரிபார்க்காமல் உப்பைக் குறைகூற முடியாது. இறுதியாக, புதிய நீரின் வெப்பம் தொட்டி நீருடன் ஒத்துப்போக வேண்டும்.

விளைவுகள்

கடல்நீரை வீட்டிலேயே செய்யலாம் என்றானதும் உயிர்களைச் சேகரிப்போர் பெருகினர். கோஸின் நூல்களைப் படித்தவர்கள் திரண்டு வந்து இங்கிலாந்தின் கரையோரப் பாறைக்குட்டைகளை வெறுமையாக்கினர். அது தந்தைக்குத் தந்த வருத்தத்தை அவர் மகன் எட்மண்ட் கோஸ் 1907இல் வெளியிட்ட தன் நினைவுநூலில் பதிவுசெய்துள்ளார். இன்று இந்தியாவில் கற்பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து அவற்றை எடுப்பது குற்றம். இதற்கிடையே, வளர்ந்த பவளத்தின் ஒரு துண்டை வெட்டி ஒட்டிப் புதிய பவளமாக்கும் முறை பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. கடலிலிருந்து புதிதாக எதையும் எடுக்காமல், ஒரு தொட்டியின் பவளம் இன்னொரு தொட்டிக்குச் செல்ல இம்முறை வழிசெய்கிறது. அது நிலைக்க அடிப்படையாக இருப்பது சரியாகக் கலந்த உப்புநீர்.